ஏழு பெருசா, மூணு பெருசா?

கம்ப்யூட்டர் கடையின் மேஜையில், பழைய பிராசசரின் மேல்தகட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை அனிஷா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது பதினோராவது. ஏதோ ஓர் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை முதலாளி இருதயநாதன் எடைக்கு வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கித் தட்டில் குவித்திருந்தார். ஸ்பிரிட் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கருப்பணன் வந்தார். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் பத்தொன்பது வருஷம் உழைத்தவர். மில்லை மூடி நாலு மாதமாகிறது. பி.எஃப். பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கல்யாண வீடியோ எடிட் செய்யப் போகிறார். போனிலேயே வேலை பழகி, மூன்று கல்யாணங்களுக்கு அட்வான்ஸும் வாங்கிவிட்டார். மற்ற நேரம் ஊர்ப் பயல்களுக்குக் கேம் ஆட வாடகைக்கு விடலாம். இனி அவர் வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பெட்டியை நம்பித்தான்.

"தாயி, போன வாரம் நீ எழுதிக் குடுத்த சீட்டு." பாலித்தீன் பையிலிருந்து மடிப்புக் கலையாமல் எடுத்தார். "இதுல உள்ளதையே போட்டுக் குடுத்துரு."

அவள் கை நீட்டுவதற்குள் இருதயநாதன் வாங்கிவிட்டார். சீட்டில் இருந்தது புது ஐ-த்ரீ பிராசசர், அதைப் பொருத்த நல்ல மதர்போர்டு. அவருக்கு நிற்கும் லாபம் டீச் செலவுக்குக் காணாது.

"ஐ-த்ரீய வச்சு நாக்கு வழிக்கவா? அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஏழு பெருசா, மூணு பெருசா?"

"இதென்ன சார் கேள்வி? ஏழுதான்."

"அதே காசுக்கு ஐ-செவன் போட்டுத் தாரேன். உள்ள பொருட்காட்சி ராட்டினம் கணக்கா லைட்டு சுத்தும். பயலுக ஒங்க வாசல்ல வரிசை கட்டி நிப்பானுக."

கருப்பணன் முகம் மலர்ந்தது. இருதயநாதன் தட்டிலிருந்து எடுத்தது அனிஷா கடைசியாகத் துடைத்து வைத்த பிராசசரை. ஸ்பிரிட் வாடைகூட அதில் இன்னும் போகவில்லை.

அனிஷா குறுக்கிட்டாள். "வேணாம்ணே! அது பன்னெண்டு வருசப் பழசு. நான்தான் இப்பத் தொடச்சு வச்சேன். கல்யாண வீடியோவ ஏத்துனா தெணறி நின்னுரும். அதுக்குப் போடுற போர்டு பேரு ஊரு இல்லாதது, சூடு தாங்காது. நாளைக்குப் புது பிராசசர் மாத்தலாம்னாலும் அதுல ஒக்காராது. பழைய ஏழ விடப் புது மூணுதான் வேகம்."

கருப்பணன் இருதயநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

இருதயநாதன் சிரித்தார். "பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல புதுசா ஒருத்தன் கடை போட்டுருக்கான்ணே. இந்தச் சீட்டுல உள்ள போர்டு அவங்கிட்டதான் இருக்கு. இவளுக்கு எங்கிட்டச் சம்பளம், ஆள அனுப்பி வச்சா அவங்கிட்டக் கமிஷன். நல்ல பொழப்பு!"

"மாதா சத்தியமா இல்லண்ணே!"

"சத்தியம் வேறயா? வெளிய போ. போனா, என் டிராயர்ல கெடக்குற ஒன் ஒரிஜினல் சர்டிபிகேட்ட மறந்துரு."

கருப்பணன் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"விட்ருங்க சார். சின்னப் புள்ள, ஏதோ ஆசப்பட்டுருச்சு. வேலைய விட்டு நிப்பாட்டிறாதீங்க. வேல போனா என்னாகும்னு எனக்குத் தெரியும்."

"ஒங்க மொகத்துக்காக விடுறேன். ஏய், மாட்டு."

மாட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்குருவாக முடுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் சிவப்பும் நீலமும் சுற்றின. கருப்பணன் குனிந்து நின்று வாய் பிளந்து பார்த்தார். 'திறந்தால் வாரண்டி கிடையாது' என்ற ஸ்டிக்கரை ஸ்குரு மேல் ஒட்டினாள்.

"நல்லா அழுத்தித் தேய்," என்றார் இருதயநாதன்.

கருப்பணன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வாசலில் திரும்பி, "கோவிச்சுக்காத தாயி. இனிமேலாவது நேர்மையாப் பொழ," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

இருதயநாதன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். பஞ்சு தீர்ந்திருந்தது. மேஜையில் கிடந்த சீட்டை இரண்டாகக் கிழித்து அவள் முன்னால் போட்டார்.

"இத வச்சுத் தொடச்சிரு."

அவள் எழுத்தின் மேல் சாம்பல் பசை அப்பிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது பிராசசர் புதுசு போல மின்னியது.