கையில் சுற்றிய கயிறு

வலது கையில் மூன்று விரல்கள் போன பிறகுதான் தேவாலயச் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் அவனுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது.

அதற்கு முன்பு வாசலோரம் உட்காருவான். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. உள்ளே போனால் யாராவது நகர்ந்து இடம் விட வேண்டும். விடும்போது அவர்கள் முகம் சற்றே சுருங்கிவிட்டால் அவனுக்கு மறுநாள்வரை வேலை ஓடாது. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது அவன் தொழில். வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு, சின்னச் சின்னக் கத்திகள். நாளெல்லாம் யாருடைய வாயின் அச்சையோ குனிந்து பார்ப்பதாலோ என்னவோ, நிமிர்ந்தால் எதிரே இருப்பவரின் உதட்டோரத்தைத்தான் முதலில் பார்ப்பான். அது மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா என்பதில் அவனுடைய அன்றைய பொழுது அடங்கியிருந்தது.

சபை ஆண்களில் பாதிப்பேர் சுமை ஏற்றுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், இரும்பு வளைக்கிறவர்கள். அவனைப் 'பல்லு' என்று கூப்பிட்டார்கள். "வாயத் திறந்து சிரிக்காதீங்கப்பா, பல்லு அளவெடுத்துருவான்" என்று யாராவது சொன்னால் கூட்டம் சிரிக்கும். அவனும் சிரிப்பான். கேலியில் என்றாலும் தன் பேர் அடிபட்டதே என்று உள்ளுக்குள் ஓர் அற்பத் திருப்தி. ஆண்டு விளையாட்டு நாளில் அவர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள். அவன் தண்ணீர்ப் பாட்டில்களைப் பார்த்துக்கொள்வான்.

அந்த ஆண்டு கயிறிழுப்பில் கடைசி ஆளாக நிற்க வேண்டியவருக்குக் காய்ச்சல். எதிரே பக்கத்துச் சபை அணி. சபை அணியின் தலைவன் அவனுடைய மனைவியின் அண்ணன், கிரேன் ஓட்டுபவன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் இவனைக் கூப்பிட்டான். சும்மா எடைக்கு நின்றால் போதும் என்றான். வேண்டாம் என்று மனைவி கண்ணைக் காட்டியதைப் பார்த்தும் பார்க்காதவன் போல அவன் போனான்.

கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது என்று நடுவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். விசில் ஒலித்தது. மெழுகு பிடித்து வழவழத்துப் போன உள்ளங்கைகளில் கயிறு நிற்கவில்லை. முன்னால் நின்ற மச்சான் கழுத்தைத் திருப்பினான்.

"கையில சுத்துடா. மானத்த வாங்கிராத."

கல்யாணமான நாளிலிருந்து அந்த முகம் அவனை முழுதாகத் திரும்பிப் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுப் பந்தியில்கூட அவனைத் தாண்டி அடுத்தவரிடம்தான் பேசும். இப்போது அவனையே பார்த்தது. நடுவர் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. விரல்தான் தன் சோறு என்பதும் நினைவிருந்தது. சுற்றினான்.

எதிரணி வெடுக்கென்று இழுத்ததில் முன்னே இருந்தவர்களின் பிடி நழுவி, மொத்தப் பாரமும் அவன் கைக்கு வந்தது. விடுங்கள், விடுங்கள் என்று அலறினான். கூச்சலில் அது யாருக்கும் சொல்லாகக் கேட்கவில்லை, அலறலாகக் கேட்டது. அந்த அலறல் அவன் அணிக்கு வெறி ஏற்றியது. மறுபடி பிடித்து, கால் ஊன்றி இழுத்து ஜெயித்தார்கள். கட்டிப்பிடித்துக் குதித்து முடித்த பிறகுதான் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நம் சகோதரன் கையைக் கொடுத்தானே தவிரக் கயிற்றை விடவில்லை, விசுவாசம் என்றால் இதுதான் என்று போதகர் அடுத்த ஆராதனையில் பிரசங்கித்தார். மருத்துவமனைக்கு ஆண்கள் கூட்டமாக வந்தார்கள். பல்லு போய் 'நங்கூரம்' என்ற பேர் வந்தது. இரும்பு வளைக்கிறவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து அவன் செருப்பை எடுத்து வைத்தார். இவ்வளவுக்கும் மூன்று விரல் ஒன்றும் பெரிதில்லை என்று ஒரு நினைப்பு அப்போது வந்தது. வந்த நினைப்பைக் கண்டு அவனே நடுங்கிப்போனான். எல்லோரும் போனதும் கண்ணை மூடி ஜெபித்தான். ஜெபத்திலும் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான், யாரோ ஒட்டுக் கேட்பது போல. கண்ணைத் திறந்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

மெழுகில் பல்லை நிறுத்த இடது கை பழகவே இல்லை. நிறுத்தியவை குடிகாரர்கள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. மருத்துவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மனைவி ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். தன்னைக் கூப்பிட்ட கூட்டங்களுக்கெல்லாம் அவன் போய் வந்தான்.

சுற்றுவட்டாரச் சபைகளின் ஆண்கள் ஒன்றுகூடும் நாள் வந்தது. ஆடுகளம் நமக்குக் கற்றுத் தருவது என்ன என்று இளைஞர்களுக்கு அவன் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் போதகர். சாட்சி முடிந்ததும் அதே மைதானத்தில் இளைஞர்களுக்குக் கயிறிழுப்பு.

அதற்கு முந்தின மாலை மச்சான் வீட்டுக்கு வந்தான். முதல் தடவையாக அந்த மேசையருகே உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐக்கியத்துக்குத் தன்னைத் தலைவராக்கப் பேச்சு நடக்கிறது என்றான். பிறகு தாடையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னைக்கு நான் ஏதாவது சொன்னேனா மாப்ள?"

"இல்ல மச்சான்."

யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. பெரிய கை ஒன்று அவன் தோளில் விழுந்து, அழுத்தி, எழுந்து போனது.

கதவருகே நின்ற மனைவி உள்ளே வந்தாள். மச்சான் கலைத்து வைத்த அச்சுகளை நேராக்கினாள்.

"அண்ணன் சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்க. நான் மைதானத்துல கோட்டோரமாத்தான் நின்னேன்."

அவன் இடது கையால் ஒரு மெழுகுத் துண்டை உருட்டினான்.

"அவனக் காட்டிக் குடுங்கன்னு சொல்லல. நாளைக்குப் பசங்க நேரா எந்திரிச்சுப் போயி கயித்தப் பிடிக்கப் போறாங்க. அவங்ககிட்ட விடக் கூடாதுன்னு சொல்லிராதீங்க."

காலையில் அரங்கம் நிறைந்திருந்தது. பெண்கள் பின்பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் மச்சான். சாட்சி சொல்ல அவன் மேடையேறியதும் கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை நின்றான். அடங்க வேண்டாம் என்றும் இருந்தது.

"நான் கயித்த விடலன்னு சொல்றாங்க. விட முடியல, அதான் நெசம். சுத்தாதேன்னு சொல்லியும் கையில சுத்தியிருந்தேன்."

யாரோ இருமினார்கள். அவன் தொடர்ந்தான். அந்த நேரத்தில் கர்த்தரை நினைக்கவே இல்லை என்றான். ஓர் ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்த முகம் மறுபடி திரும்பிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றினேன் என்றான். மச்சான் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போதகர் எழுந்தார். எப்பேர்ப்பட்ட தாழ்மை என்று கைகளை உயர்த்தினார். அரங்கம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. அந்தச் சத்தம் அவன் நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது. இனித்தது. உண்மையையும் வாங்கி வைத்துக்கொண்டு அதற்கும் பதக்கம் கொடுக்கிறார்கள், நானும் குனிந்து கழுத்தை நீட்டுகிறேன் என்று நினைத்தான்.

கையை மூடியிருந்த துணியைப் பல்லால் கடித்து இழுத்தான். மேடையிலிருந்து இறங்கி, இளைஞர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போய், அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். தையல் இழுத்துச் சுருங்கிய தோல், இன்னும் நீர் வடியும் ஓர் ஓரம்.

"நல்லாப் பாருங்க. கயிறு வழுக்குனா விட்டுருங்க. யாரு என்ன சொன்னாலும் விட்டுருங்க."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. ஒருவன் கண்ணை மூடினான். ஒருவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். வரிசை வரிசையாக முகங்கள் திரும்புவதை அவன் பார்த்தான். சின்ன வயதிலிருந்து எதற்குப் பயந்தானோ அது நடந்துகொண்டிருந்தது; கையை நீட்டியபடி நின்றான். மச்சான் எழுந்து வெளியே போனான். போதகர் ஒலிபெருக்கியை எடுத்து, ஒரு பாட்டுப் பாடலாம் என்றார்.

பிறகு யாரும் அவனிடம் வரவில்லை. மனைவி பின்வாசல் வழியாக வந்து துணியைக் கட்டிவிட்டாள். இருவரும் சாலைக்கு நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து மைதானம் தெரிந்தது. கயிறிழுப்பு தொடங்கியிருந்தது. ஓர் அணியின் கடைசியில் நின்ற ஒல்லிப் பையன் சறுக்கினான், சமாளித்தான், மறுபடி சறுக்கினான். சட்டென்று இரண்டு கையையும் திறந்துவிட்டான். அணி முழுவதும் குப்புற விழுந்து தோற்றது.

"வளையல் வாங்கிப் போட்டுக்கடா" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் மண்ணை அள்ளி எறிந்தான். பையன் முழுசான கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆறுதலாக ஒரு முகம் கிடைக்குமா என்று சுற்றிலும் தேடினான். தேடிய கண் சாலையில் நின்ற இவனிடம் வந்தது. அடையாளம் தெரிந்ததும், எல்லாம் உன்னால்தான் என்பது போல வெடுக்கென்று திரும்பிக்கொண்டது.

பேருந்து வந்தது. அவன் ஏறுவதற்கு வசதியாக மனைவி இடது கம்பியை விட்டு ஒதுங்கி நின்றாள். நன்றாகப் பேசினீர்கள் என்று அவள் சொல்வாள் என்று வீடு வரும்வரை அவன் காத்திருந்தான்.