விலை ஏறட்டும்

சந்தையில் விலை இறங்கியிருந்தால் சோலைச்சாமி ஆட்டை விற்க மாட்டார். எட்டயபுரம் சந்தைக்கு விடியுமுன் ஓட்டிப்போன ஆடுகளை வெயில் ஏறுமுன் வீட்டுக்கே திருப்பி ஓட்டிவந்துவிடுவார். வியாபாரி துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக் கெஞ்சினாலும் மசிய மாட்டார். மழை பெய்யும், புல் முளைக்கும், அதே வியாபாரி வீடு தேடி வருவான் என்பார். வந்தும் இருக்கிறார்கள். அதனால் மகன் சாமித்துரை மலேசியாவிலிருந்து நோட்டுக்கட்டு கொடுத்துவிட்டபோதும் அவருக்கு வேறு கணக்குத் தெரியவில்லை.

அது 1997, ஆடி மாதம். சாமித்துரை அங்கே செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தான். அவனை அனுப்பி வைக்கவே மந்தையில் பாதி போயிருந்தது. தங்கச்சி கல்யாணசுந்தரியின் கழுத்துக்குச் சங்கிலி போட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ரிங்கிட்டை, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். அந்த நாட்டுத் தமிழர்கள் அதை வெள்ளி என்பார்களாம். ஒரு வெள்ளிக்குப் பதினான்கு ரூபாய் கிடைக்கும் என்று கொண்டுவந்தவர் சொன்னார்.

மாப்பிள்ளை புதிய ஆள் இல்லை. விளாத்திகுளத்து ராதாமணி அத்தையின் மகன் கார்த்திகேசன். தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லாரி ஓட்டினான். கல்யாணசுந்தரி தீப்பெட்டி ஆபீசில் லேபில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த லாரியின் ஹாரன் கேட்டால் பசை ஒட்டிய விரல் அப்படியே நிற்கும். பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். “ஏட்டி, லேபில் தலைகீழா நிக்கி” என்பாள் ஒருத்தி. அத்தை நல்லவள்தான். ஆனால் சங்கிலி இல்லாமல் மருமகளை அழைத்துப்போனால் சொந்தக்காரர்கள் வாய்க்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

ஆவணியில் அப்பாவும் மகளும் ரயிலேறி மதுரைக்குப் போனார்கள். பணம் மாற்றும் கடையின் பலகையைப் படித்துச் சொல்லத்தான் அவர் மகளைக் கூட்டிப்போனார். பதினொன்று என்று போட்டிருந்தது. எங்கோ தாய்லாந்தில் பணம் விழுந்ததாம், பக்கத்து நாட்டுப் பணத்தையும் அது இழுத்துக்கொண்டு போகிறதாம், கடைக்காரர் சொன்னார். சோலைச்சாமி நோட்டை மடியில் முடிந்துகொண்டார்.

“விலை விழுந்து கெடக்கப்பவா விப்பாக? நட தாயி.”

கொடுத்துவிடலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் கல்யாணத்துக்கு அவசரப்படுகிறாள் என்று அப்பா நினைப்பாரே என்ற கூச்சம் வந்து அடைத்துக்கொண்டது. கோவில்பட்டி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தை மாதம் போனபோது ஒன்பதுக்கும் கீழே கிடந்தது. சாமித்துரை பூத்துக்குப் போன் பண்ணினான். “எந்த விலைக்கும் குடுத்திரச் சொல்லு, சுந்தரி. இங்கன எல்லாரும் பயந்துபோய்க் கெடக்கோம்.” அவள் வந்து சொன்னாள். அப்பா சிரித்தார். அவன் என்றைக்கு ஆடு மேய்த்தான், அவனுக்கு என்ன தெரியும் என்றார். பங்குனியில் பத்தரைக்கு வந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏறுகிற ஆட்டை எவனாவது பாதியில் விற்பானா என்று டீக்கடையில் எல்லாரையும் கேட்டார். கல்யாணம் தையிலிருந்து வைகாசிக்குப் போனது, வைகாசியிலிருந்து ஐப்பசிக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் அத்தை வந்து காபி குடித்துவிட்டுப் போனாள். கடைசித் தடவை காபி வேண்டாம் என்றாள்.

புரட்டாசியில் மறுபடியும் மதுரை. பலகையில் மற்ற நாட்டுப் பணமெல்லாம் இருந்தது, ரிங்கிட் இருந்த இடம் அழித்திருந்தது. மலேசியாவில் அரசாங்கம் அதன் விலையை ஒரே இடத்தில் கட்டிப்போட்டுவிட்டதாம். வெளிநாட்டில் கிடக்கும் நோட்டு உள்ளே திரும்பி வர, சென்ற மாதக் கடைசிவரைதான் கெடு வைத்திருந்ததாம்.

“இனிமே நாங்க வாங்கி யாருகிட்டக் குடுக்க, பெரியவரே?” என்றார் கடைக்காரர்.

“விலை ஏறுமா?”

“ஏறாது. இறங்கவும் செய்யாது. அப்படியே நிக்கும்.”

ஏறவும் இறங்கவும் செய்யாத ஒரு சந்தையை சோலைச்சாமி அன்றுவரை பார்த்ததில்லை. கடை வாசலில் வெகுநேரம் நின்றார். அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மிச்ச ஆடுகளை எல்லாம் எட்டயபுரத்துக்கு ஓட்டிப்போனார். புரட்டாசியில் பாதிச் சனம் கறி எடுக்காது. வருஷத்திலேயே ஆட்டுக்கு விலை இல்லாத மாதம் அதுதான். கேட்ட விலைக்கு அப்படியே கொடுத்தார். ரூபாயோடு நேரே விளாத்திகுளம் போனார். அத்தை வீட்டு முற்றத்தில் வாடகை நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மகனுக்குக் குளத்தூரில் பெண் பார்த்து, முந்தாநாள் வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். கார்த்திகேசன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“ரெண்டு நா முன்னாடி வந்திருக்கப்பிடாதா மாமா” என்றானாம்.

இதை அப்பா சொல்லும்போது அவர் தோளில் ஆட்டுக் கயிறுகள் கிடந்தன. ஆட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. கல்யாணசுந்தரி அதை வாங்கி ஆணியில் மாட்டினாள். மறுநாள் வழக்கம்போல லேபில் ஒட்டப் போனாள். ஹாரன் கேட்டது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை இறங்கியது. தீபாவளிக்கு ஆட்டு விலை எங்கேயோ போனது. அன்று சாயங்காலம் அப்பா நனைந்துகொண்டே வந்தார். தோளில் தொரட்டி, கையில் ஆட்டுக்குப் போடுகிற ஒரு கட்டு வேலங்குழை. நினைப்பில்லாமல் அறுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆடில்லாத பட்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் கையைப் பார்த்தார்.

அவள் போய்க் குழையை வாங்கிக்கொண்டாள்.

“அன்னைக்கு, மொதத் தடவ மருதையில, குடுத்திரலாம்னு ஒனக்குத் தோணுச்சா தாயி?”

“இல்லப்பா” என்றாள்.

பட்டிக்குள் புல் முளைக்க ஆரம்பித்திருந்தது. குழையை அதன் மேலேயே போட்டாள்.