கொடியில் உலரும் பாதங்கள்

சேற்றுப்புண் வந்த பாதங்களை உலர்த்துமனையில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். செங்கமலமும் கொடுத்திருந்தாள். பாதம் இல்லாமல் நடந்தால் ஆள் நாலு விரற்கடை குட்டையாகத் தெரிவார். மற்றபடி ஒன்றுமில்லை.

அவள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறவள். இருபது வருஷம் ஈரத்தில் நின்றவள். இன்று அதே மண்டபத்தில் அவள் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். பத்து மணிக்குப் பாத பூஜை. அப்பா இல்லாத பெண். பூஜைக்கு இவள் பாதம் மட்டும்தான் உண்டு.

ஒன்பது மணிக்கு உலர்த்துமனைக்குள் நுழைந்தாள். தாழ்வாரம் ஈரமான இடத்திலெல்லாம் நீண்டது. குமாஸ்தாவின் மேசையை அடைந்தபோது ஒன்பதே முக்கால்.

"விரலிடுக்கு காஞ்சாத்தான் தருவோம்மா."

"எப்ப சார் காயும்?"

"சுண்டுவிரல் பக்கம் இன்னும் மழை பெய்யுது."

மேசைமேல் அவளுடைய இடது பாதம் இருந்தது. குமாஸ்தா பூதக்கண்ணாடியை நீட்டினார். செங்கமலம் குனிந்து பார்த்தாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன மரங்கள் நின்றன. முடிவே தெரியாத காடு. அழகாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மருந்து போட்டீங்களா?"

"போட்டேன். அரிப்பு நின்னுச்சு. விட்டுட்டேன்."

"அரிப்பு நின்னா போயிடுச்சா? தூங்குதும்மா அது. அதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் போடணும். கால் கழுவுனா துடைப்பீங்களா?"

"துடைப்பேன்."

"விரலுக்கு நடுவுல?"

இருபது வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

"ஒரு மணி நேரம் குடுங்க சார். எம் பொண்ணு பால் ஊத்திக் கழுவும். திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"பாலா!" குமாஸ்தா எழுந்து நின்றார். அவருக்கும் பாதம் இல்லை. "மறுபடி ஈரமா?"

பாதத்தை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடியில் மாட்டினார். செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

வெளியே மைதானம். அடிவானம் வரை கொடிகள். கொடி முழுக்கப் பாதங்கள். நாற்று நட்டவை, மீன் கழுவியவை, பூட்ஸுக்குள் வெளுத்தவை. காற்று வந்தது. எல்லாம் சேர்ந்து ஓர் அடி வைத்தன. சத்தமே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொடிகளுக்கு நடுவே இலக்கியா வந்தாள். கழுத்தில் மாலை. பின்னால் மாப்பிள்ளை, கையில் பால் சொம்பு.

"அத்தை, இதுல உங்களுது எது?" என்றார் மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்து.

"எனக்குத் தெரியும், வாங்க," என்றாள் இலக்கியா. நேராக அந்தப் பாதத்தின் முன் வந்து மண்டியிட்டாள். "ஏம்மா எங்கிட்ட மறைச்ச?"

"அசிங்கமா இருக்கும்டி."

"இருக்கட்டும்."

"தண்ணி கூடாது! பால் கூடாது!" குமாஸ்தா ஜன்னலிலிருந்து கத்தினார்.

மாப்பிள்ளை சொம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். இலக்கியா கூறைப்புடவையின் முந்தானையை எடுத்தாள். மேலே துடைத்தாள். அடியில் துடைத்தாள். பிறகு சுண்டுவிரலை மெல்ல விலக்கி நடுவில் துடைத்தாள். அவசரப்படவில்லை.

ஜன்னலோரம் நின்ற செங்கமலத்துக்கு இல்லாத காலில் கூசியது.

காற்று நின்றது. மைதானத்துப் பாதங்கள் எல்லாம் இலக்கியாவின் பக்கம் திரும்பின.

பிறகு, ஒவ்வொன்றாக, விரல்களை விரித்தன.