ஆடாத மோட்டார்

ஆனேக்கல் பக்கத்து ஆலை ஒன்றின் பம்பு மோட்டாரில் சங்கமித்ரா பொருத்தியிருந்த கருவி தீப்பெட்டியை விடச் சிறியது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. மோட்டாரின் அதிர்விலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அதிர்வு எல்லை மீறினால் ஆலை மேலாளரின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். இன்று மேலாளர் சேஷகிரி பார்த்துச் சரி என்றால் ஆலை முழுக்க மாட்டலாம். இல்லையென்றால் அவளுடைய சின்ன கம்பெனியை மூட வேண்டியதுதான்.

ஒரு வாரமாக மினுக்கிக்கொண்டிருந்த கருவியின் பச்சை விளக்கு இன்று அணைந்து கிடந்தது.

கருவியைக் கிளாம்பிலிருந்து கழற்றிக் கையில் குலுக்கினாள், எரிந்தது. மோட்டாரில் வைத்தாள், அணைந்தது. உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்துப் பார்த்தாள்; அதிர்வே தெரியவில்லை.

"அப்பாதுரை அண்ணா, இதை என்னா பண்ணீங்க?"

பராமரிப்புப் பிரிவு அப்பாதுரை சிரித்துக்கொண்டே வந்தார். "பேரிங் மாத்தி, போல்ட்டெல்லாம் டைட் பண்ணேம்மா. நம்ம ஊரு கேஜிஎஃப் பொண்ணு மேனேஜருக்குக் காட்டப்போவுது, மோட்டார் கடகடன்னு ஆடினா மரியாதையா?"

"அது ஆடினாத்தாண்ணா இதுக்குச் சோறு."

அப்பாதுரை தலையைச் சொறிந்தார். "மாட்டுக்கு வைத்தியம் பாத்து உண்ணியைப் பட்டினி போட்டுட்டனா?" கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "ஒரு போல்ட்டை லேசா தளத்தி விட்டுடவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சேஷகிரியின் குரல் வாசலில் கேட்டது.

"சீக்கிரம் விடுங்கண்ணா."

அப்பாதுரை ஸ்பேனரைத் திருப்பினார், மோட்டார் உறுமியது. விளக்கு எரிந்தது. சேஷகிரி குனிந்து பார்த்தார். "பேட்டரியே இல்லியா? பரவால்லியே!"

அப்போது அவர் ஃபோன் ஒலித்தது. அவசரத்தில் போல்ட் சற்று அதிகமாகவே தளர்ந்துவிட்டிருந்தது; கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. 'அதிர்வு எல்லை மீறியது, மோட்டாரைப் பரிசோதிக்கவும்' என்றது செய்தி.

"ஏன்ரீ அப்பாதுரை, நேத்துதானே எல்லாம் சரி பண்ணிட்டேன்னீங்க? இதா உங்க வேலை?"

அப்பாதுரை ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "போல்ட்டு சரியா பிடிக்கல போல சார்." அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

விளக்கு அழகாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார் தளர்த்தச் சொன்னேன்," என்றாள் சங்கமித்ரா. "அண்ணன் வேலை ஒழுங்காத்தான் இருந்துச்சு. ஆடாத மோட்டார்ல இது எரியாது."

சேஷகிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஆடாத மோட்டார்தாம்மா வேணும். மொதல்ல அதை டைட் பண்ணுங்க."

அவர் போய்விட்டார். அப்பாதுரை போல்ட்டை முடுக்கினார். சத்தம் தணிந்தது, விளக்கு இரண்டு தரம் மினுக்கி அணைந்தது.

"கிளாம்பையும் கழட்ட ஸ்பேனர் வேணுமாம்மா?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.