பழுது குழுவின் ஒரே கேசட்

மெக்கானிக் ஒரு வாஷிங் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் பட்டறைக்குள் வந்தாள். பின்னால் அவளுடைய அம்மா. அவருக்கு மகளைத் தெரியாது. அம்மாவைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தலை நரைத்து, கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். ஆளை மேலும் கீழும் எடை போடுகிற அந்த நர்ஸ் பார்வை மட்டும் மாறவே இல்லை.

“எப்படிம்மா இருக்கே?” என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“அம்மாவுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு அங்கிள். இனிமே பேச முடியாது, மூச்சுகூடக் கழுத்துல போட்ட துளை வழியாத்தான்,” என்றாள் மகள். “அம்மா பாடுவாங்கன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். பெரியம்மா சொன்னாங்க. வீட்டுல ஒரு வரிகூட முணுமுணுத்ததில்ல. நீங்க எதையாவது ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கீங்களா? ஒரே ஒரு பாட்டு இருந்தாக்கூடப் போதும்.”

இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து நர்ஸுக்குப் போட்டார் மெக்கானிக். பிறகு, ஏற்கெனவே துடைத்த அதை மறுபடியும் துடைத்தார்.

அந்தக் காலத்தில் அவர்கள் வைத்திருந்த பாட்டுக் குழுவை பேண்ட் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. இதே பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய நாலு பேர், அவ்வளவுதான். கிட்டார் மெக்கானிக், டிரம்ஸ் அவருடைய தம்பி, பேஸ் கிட்டார் ஒரு கணக்கு வாத்தியார், பாட்டு நர்ஸ். வாசலில் ‘இங்கு எல்லாம் பழுது பார்க்கப்படும்’ என்று போர்டு இருந்ததால் குழுவுக்குப் ‘பழுது’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். புகழ் என்று பார்த்தால், ஒரு கல்யாண வரவேற்பில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். இன்னொன்றில் நிறுத்தவே சொல்லிவிட்டார்கள். ஆனால் பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. அந்தக் கர்வம் நாலு பேருக்கும் இருந்தது, மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ரிப்பேர் முழுசாக முடியாத மெஷினை அவர் வாசல் தாண்ட விடமாட்டார், பாட்டுக்கும் அதே சட்டம்தான். குழுவுக்கு ஒரே கேசட். ஒரு ஞாயிறு பதிவு செய்ததை அடுத்த ஞாயிறு போட்டுக் கேட்பார்கள், குறை சொல்லிக்கொள்வார்கள், பிறகு அதன் மேலேயே புதிதாகப் பதிவு செய்வார்கள். பழையதை வைத்திருந்தால் அதிலேயே திருப்தி வந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிறு, கேட்டு முடித்த பிறகு யாருமே குறை சொல்லவில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத அப்படியே வெச்சுக்கலாமே. வேற கேசட் வாங்கிக்கலாம்,” என்றாள் நர்ஸ்.

“நடுவுல கிட்டார் லேசாப் பிசிறுது. இன்னிக்கு இன்னும் நல்லா வரும் பாரு.”

“பிசிறினது உங்க கிட்டார். என் குரல ஏன் அழிக்கிறீங்க?”

மெக்கானிக் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடியே ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார். அன்றைக்குப் பாட்டு சுமாராகத்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. டூட்டி இருக்கும் என்று நினைத்து, மூன்று பேரும் அவள் பாடுகிற இடத்தைக் காலியாக விட்டு வாசித்துப் பதிவு செய்தார்கள். அவள் பிறகும் வரவில்லை, அதற்கப்புறம் பதிவும் நடக்கவில்லை. “ஒரு எட்டு போய்க் கூப்பிட்டுத்தான் பாரேன்,” என்றான் தம்பி. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான். “வரணும்னு இருந்தா வருவா,” என்றார் மெக்கானிக். அந்த வீம்பை நினைத்து அவர் பிற்பாடு எத்தனையோ முறை மனம் நொந்திருக்கிறார், ஆனால் அன்று கால் எழவில்லை. அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் தம்பி வெளிநாடு போனான். வாத்தியாருக்கு மாற்றல் வந்தது.

இப்போது, ‘தேடிப் பார்க்கிறேன்’ என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட முடியும். வாய் வரைக்கும் வந்த அந்த வார்த்தையை நர்ஸின் பார்வை நிறுத்தியது.

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன்மா,” என்றார் மகளிடம். “நான்தான். உங்கம்மா வேணாம்னு சொன்னா, நான் கேக்கல.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“ஒரு கேசட் இருக்கு. அவ வராத அன்னிக்கு எடுத்தது. அதுல அவ குரல் இல்ல.”

மகளின் முகம் விழுந்துவிட்டது. நர்ஸ்தான் அலமாரியிலிருந்த பழைய டேப் ரெக்கார்டரை விரலால் காட்டி, போடுங்கள் என்று சைகை செய்தாள்.

கேசட் கொஞ்சம் இழுத்துக்கொண்டு பிறகு ஓடியது. கிட்டார் தொடங்கியது, பேஸ் சேர்ந்தது, டிரம்ஸ் வந்தது. நடுவில் மெக்கானிக்கின் இளவயதுக் குரல்: “டேய், மெதுவா வாசிடா, அவ பாடுற இடம்.” வாத்தியங்கள் மூன்றும் தணிந்தன.

நர்ஸ் ஸ்டூலில் நிமிர்ந்தாள். தோள்கள் உயர்ந்தன. தாளம் சரியாக வந்து விழுந்த நொடியில் உதடுகள் பிரிந்து சொற்களைச் சொல்லத் தொடங்கின, சத்தமில்லாமல். மெக்கானிக்குக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவரால் அவளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மகள் கை நீட்டிப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். கழுத்துத் துணி ஒவ்வொரு வரிக்கும் உள்ளே ஒட்டி வெளியே உப்பியது. அந்தத் துணியின் வழியாக மூச்சு போய் வருகிற சத்தம் கேட்டது. மகள் அதற்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.