குட்டைச் சோளத்துக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி வரும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் மச்சானிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். பாதியில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மீதி என் தலையில்.

2

'பசித்த மானுடத்தின் விடியல் கரிசல் மண்ணிலே...'

(எழுதி அடித்துவிட்டேன். கதைக்குரிய வெயிலம்மாள் கேட்டால் சிரிப்பாள்.)

எண்பத்திரண்டாம் வருஷம் மழை ஏமாற்றியது. ஊர்ச் சோளமெல்லாம் கதிர் வாங்காமல் காய்ந்தது. வெயிலம்மாள் காட்டில் மட்டும் இடுப்பளவுக் குட்டைச் சோளம் மணி பிடித்து நின்றது. அரசாங்கப் பணமும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து உண்டாக்கிய விதை. சோதனைக்காக அவள் நிலத்தில் போட்டவர் ஆராய்ச்சியாளர் சாமித்துரை. அவள் வயிறு நிறைந்தது. பயிர் குட்டை என்பதால் அவளுடைய இரண்டு காளைகளுக்குத்தான் தின்னச் சோளத்தட்டை, அதாவது கதிர் அறுத்த தாள், போதவில்லை. ஒன்றை விற்றாகிவிட்டது. மற்றதைக் கொழுந்தன் காளையோடு பூட்டி ஒப்பேற்றினாள்.

3

பணம் தருகிறவர்கள் பார்வையிட வருவதாகத் தெரிந்ததும் சாமித்துரை அவளைத் தேடி வந்தார். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.)

"குறை சொன்னா, வீண் செலவுன்னு நிப்பாட்டிருவாவ அக்கா."

"அப்பம் நல்லாருக்குன்னே சொல்லுதேன்."

"அப்படிச் சொன்னா, வேலை முடிஞ்சிட்டுன்னு நிப்பாட்டிருவாவ. தட்டையும் ஒசரமா வர எனக்கு இன்னும் சில வருசம் வேணும். ஆப்பிரிக்காவுக்கும் இதே விதைதான் போவும். அங்கயும் மாடு இருக்குல்லா."

"என்னதான் சொல்லச் சொல்லுதிய?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

4

ஜீப்பில் இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு பெரிய அதிகாரியும் வந்து இறங்கினார்கள். சோளம் எப்படி என்று கேட்டதும் வெயிலம்மாள் மூச்சுவிடாமல் சொன்னாள்: "மனுசனுக்குச் சரி. மாடு என்னத்தத் திங்கும்? அதையும் பாத்துச் செய்யுங்க. பாதியில விட்டுட்டுப் போயிராதிய."

அதிகாரி அதை ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தைகளில் முடித்தார்.*

"நான் இம்புட்டுச் சொன்னேன், அவிய அம்புட்டுத்தானா சொன்னாவ?" என்று சாமித்துரையைக் கேட்டாள். அவள் மூத்த வெள்ளைக்காரரின் சட்டைக் கையைப் பிடித்துத் தொழுவத்துக்கு நடத்திப் போனாள். ஒரு கட்டுத் தட்டையைக் காளை முன் போட்டாள். அவர் சிகரெட் பற்றவைப்பதற்குள் காளை தின்று முடித்து, தலையைத் தூக்கி அவரையே பார்த்தது. அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு...

* 'ரொம்ப சந்தோஷம்' என்பதாக இருக்கலாம். பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

5

முன்சீட்டுக்காரரும் மச்சானும் பஸ்ஸைவிட்டு இறங்கியது இங்கேதான்.

முடிவு ஒன்று: பணம் வந்தது, உயரச் சோளம் வந்தது, வறண்ட தேசங்களெல்லாம் வாழ்ந்தன. (அரசாங்கச் செய்திப்படம்.)

முடிவு இரண்டு: திட்டத்தை மூடினார்கள், சாமித்துரையை எங்கோ மாற்றினார்கள். (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

பொதுப்பணம் என்பது தீப்பெட்டிக்கும் வரி கட்டும் உங்கள் பணம்தானே? மூன்றாவது முடிவுக்கு அதை நீங்களே ஒதுக்குங்கள். கொஞ்சம் சீக்கிரம். மழை விழுந்துவிட்டது. வெயிலம்மாள் விதைப்பெட்டியோடு காட்டில் நிற்கிறாள். கமிட்டி கூடும்வரை கரிசலில் ஈரம் நிற்காது.