கண்ணாடியின் உட்பக்கம்

மருத்துவமனை கழித்துப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் தக்காளி நாற்றுகளை வைத்த பதினோராம் நாள் காலையில், மூடியின் உட்பக்கம் படிந்திருந்த ஆவியில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரிந்தன. மொத்தக் கையும் பெரியவர்களின் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. வெளியிலிருந்து துடைத்தும் அழியவில்லை. நாற்றுக்காரி முதலில் ஈரப்பதம் காட்டும் முள்ளைத்தான் பார்த்தாள். அது எழுபதில் நின்றது. அதற்குப் பிறகுதான் பயந்தாள்.

மூன்றாம் மாடி வீட்டின் பின்னறையில் நாற்று வளர்த்துத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். அந்த வருஷம் வறண்ட காற்று மாதக்கணக்கில் ஓயவில்லை. விதை முளைக்கும், இரண்டு இலை விடும், மூன்றாவது இலைக்குள் ஓரம் கருகிவிடும். கூடுதலாகத் தெளித்தாலோ தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, அழுகி, வரிசை வரிசையாகச் சாய்ந்துவிடும். ஈரத்துணி தொங்கவிட்டாள், தட்டில் கூழாங்கல் பரப்பி நீர் ஊற்றினாள், பிளாஸ்டிக் தாளால் போர்த்தினாள். ஒன்றும் சரிப்பட்டு வரவில்லை. மருத்துவமனை மெஷின்களைப் பழுதுபார்க்கும் அவள் கணவர், மனைவி தினமும் செத்த நாற்றுகளைப் பிடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். "குழந்தைக்குத்தான் ஆகாதுன்னு கழிச்சுட்டாங்க, செடிக்கு ஆகும்" என்றார். குழந்தையில்லாத அந்த இருவரும் மூன்று மாடி தூக்கி வரும்போது அதை ஒரு சுவரிலும் இடிக்கவில்லை.

கை தினமும் பதிந்தது. எந்த வரிசைக்கு மேல் பதிந்ததோ அந்த வரிசை நிமிர்ந்தது, மற்றவை அழுகின. சில காலைகளில் நாற்று நட்ட குழித்தட்டின் மண் தட்டிச் சமன்செய்யப்பட்டிருந்தது. பெட்டியின் அடித்தொட்டியில் நீர் குறையவே இல்லை. மெஷின்காரர் பெட்டியைப் பிரித்து, மருந்து போட்டுக் கழுவி, மறுபடி பூட்டினார். மறுநாள் இரண்டு கைகள் பதிந்திருந்தன. அவர் வார்டு நர்ஸிடம் விசாரித்தார். அதில் கடைசியாக இருந்தது செருப்புக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் குழந்தை, பெண் குழந்தை, பத்தொன்பது நாள் இருந்து இறந்துபோனது என்று தெரிந்தது.

"அந்தம்மாகிட்ட சொல்லணும்ல?" என்றார் மனைவியிடம்.

"சொல்லலாங்க. இந்தத் தட்டு வளந்து முடியட்டும்."

அந்தத் தட்டு வளர்ந்தது, அடுத்த தட்டும் வளர்ந்தது, இரண்டு வருஷம் ஓடிப்போனது. அதற்குள் நாற்றுக்காரி, நர்ஸுகள் கை நுழைக்கும் வட்டத் துவாரத்தின் வழியே தன் கையை விட்டுப் பழகியிருந்தாள். ஈரமான ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் வைத்திருக்கும், பிறகு விட்டுவிடும். கை வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் பெட்டிக்குள் தட்டுகள் கவிழ்ந்து கிடக்கவே, இனி இதற்குள் கொள்ளாது என்று புரிந்து, பின்னறை முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, மூலைக்கு மூலை நீர்த்தட்டு வைத்து, நாற்றுகளை அங்கே மாற்றினார்கள். மறுநாள் ஜன்னல் கண்ணாடியில் கை பதிந்தது.

சாப்பாடு இறங்காமல் போனபோதுதான் நாற்றுக்காரி செருப்புக்கடைக்குப் போனாள். இரண்டு தடவை வேண்டாத செருப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினாள். மூன்றாம் தடவை கடைக்காரப் பெண்ணே கேட்டாள்.

"வாங்கின செருப்பு இன்னும் புதுசாவே இருக்கேக்கா?"

"செருப்புக்கு வரல. உங்க பொண்ணோட கை எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு."

அவள் அட்டைப்பெட்டியை மூடி வைத்தாள். "எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

கடையில் சொல்லிவிட்டு நாற்றுக்காரியோடு அப்போதே கிளம்பி வந்தாள். பின்னறையில் கண்ணாடி முன் நின்று, நாளெல்லாம் பிள்ளைகளின் காலை அளந்து பழகிய கண்ணால் பார்த்து, "ரெண்டு வயசு முடிஞ்ச கை. சரியாத்தான் வளந்திருக்கா" என்றாள். தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். எடுத்தபோது கண்ணாடி வெறுமையாக இருந்தது. அவளுடைய சட்டையின் நெஞ்சுப்பக்கத்தில் இரண்டு சின்னக் கைகள் ஈரமாகப் பதிந்திருந்தன. அன்றிலிருந்து தினமும் வந்தாள். ஆனால் நாற்றுக்காரியோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு கீழ்மாடிக்கே குடிவந்தாள். ஒருத்தி நீர்த்தட்டுகளை நிரப்ப, இன்னொருத்தி கண்ணாடியைப் பார்க்க, ஒன்பது வருஷம் போனது.

பத்தாம் வருஷம் நாற்று வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறது, முதல் காற்றிலேயே மடங்கிவிடுகிறது என்றார்கள். அதே சமயம் கண்ணாடிக் கையும் மெலிந்தது. விரல்கள் நீண்டு, வெறும் கோடுகளாயின. நாற்றுக்காரிக்கு இரண்டும் ஒன்று என்று பட்டது.

"ஜன்னலைத் தொறக்கணும். தினம் கொஞ்சம் கொஞ்சமா."

"காஞ்சு போயிடுவாக்கா."

"மூடியே வச்சா நிக்கத் தெரியாமலே போயிடும். நான் உங்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன்ல, அந்த மாதிரி பண்ணாத."

செருப்புக்கடைப் பெண் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கொக்கியை அவளே கழற்றினாள். முதல் நாள் பத்து நிமிஷம். முள் அறுபதுக்கு இறங்கியதும் பதறிப்போய்ச் சாத்திவிட்டாள். மறுநாள் அரைமணி. இரண்டாம் வாரம் முள் நாற்பதைத் தொட்டது. நாற்றுகளின் தண்டு தடித்தது, கை முழுசாக, யாரோ உந்தி நின்றதுபோல் அழுத்தமாகப் பதிந்தது. இருபதாம் நாள் நண்பகலில் பிளாஸ்டிக் தாள் ஒருபக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. வாசலிலிருந்து ஈரக்காலடிகள் மூன்று மாடி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தன. இரண்டு பெண்களும் படியில் நின்று அவை முழுவதும் காயும்வரை பார்த்தார்கள். பிறகு உள்ளே போய், தட்டுகளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

அதன்பின் ஊரில் பல இடங்களில் அந்தக் கை தென்படுகிறது. சலூன் கண்ணாடியில், பஸ் ஜன்னலில், ஒருமுறை நீதிமன்றத்துக் கதவில். யாரும் துடைப்பதில்லை, அதுவாகக் காயட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பார்த்தவர்கள் வந்து சொன்னால் செருப்புக்கடைப் பெண் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று மட்டும் கேட்பாள். முதலில் தோளைத் தொட்டுக் காட்டினார்கள், பிறகு காதை. இந்த வருஷம் வருகிறவர்கள் கையைத் தங்கள் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள்.